ஓரத்து அண்ணன் எடுத்துக்கொடுத்த வசனம்

நாடகக் குழுவில் அவரை எல்லோரும் ஓரத்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. மேடையின் வலது ஓரத்தில், திரை மடிந்து தொங்கும் இடத்தில், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் நாடகப் பிரதி, கையில் குட்டி டார்ச், காதுமேல் பென்சில். நடிப்பவர்கள் வசனம் மறந்து விழித்தால் அடுத்த வார்த்தையை மெல்ல எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். முதல் வரிசையில் இருப்பவருக்குக் கேட்காது. மேடையில் தவிப்பவருக்கு மட்டும் கேட்கும். அப்படி ஒரு குரல் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

நாடகம் சாயங்காலத்துச் சமாசாரம். பகலில் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது அவர் பொறுப்பு. நல்ல வேலைதான். ஆனால் பழக்கதோஷம் லேசில் விடுமா? மேல் மூன்று வரியைக் கடகடவென்று படித்துவிட்டு நாலாவது வரியில் யாராவது தடுமாறினால் போதும், அண்ணனுக்கு வாய் நிற்காது. அந்த எழுத்து தானாக வழுக்கி விழுந்துவிடும். அவர்களும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “ஆமா, அதேதான்” என்பார்கள். இப்படித்தான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஏழு வரியையும் ஜாம் ஜாமென்று படித்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்ற சந்தோஷத்தில் எழுந்து போய், கடையின் கண்ணாடிக் கதவில் நேரே முட்டிக்கொண்டார். மூக்கு வீங்கிவிட்டது. முதலாளி அன்றைக்கே அண்ணனைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிற இயந்திரம்தான் துணை. அதற்கு எடுத்துக்கொடுக்க ஒன்றும் கிடையாது.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும். “அப்படிப் பார்த்தா ஊருக்கே நான் மச்சான்” என்று அண்ணன் குழுவில் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது, அவருக்குச் சலிக்கவில்லை. நாமும் சிஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு மாடி வீட்டில், முன்னறை, சமையலறை, படுக்கையறை என்று வரிசையாக மூன்று அறைகளில் குடியிருந்தார்கள். சமையலறையில் ஸ்பூன் விழுந்தால் முன்னறையில் கேட்கும்.

கடையில் நிறுத்தியாயிற்று, வீட்டில் யார் நிறுத்துவது? சிஸ்டர் பேச்சை ஆரம்பித்து அரை நொடி மூச்சு வாங்கினால் போதும், மிச்சத்தை அண்ணன் முடித்துவிடுவார்.

“வரும்போது மறக்காம…”

“பால். வாங்கிட்டு வரேன்.”

“கீழ்வீட்டம்மா கேட்டாங்க…”

“ஏணி. கீழ கொண்டுபோய் வெச்சுட்டேன்.”

பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுதான் கொடுமை. தப்பாக இருந்தால் சிஸ்டர் எப்போதோ ஒரு சண்டை போட்டு அந்தப் பழக்கத்தை ஒழித்திருப்பார். சரியாக இருந்து தொலைத்ததால் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அதனால் சிஸ்டர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பார்ப்பதென்றால், காலையில் தனியாகப் பாத்திரம் தேய்க்கும்போதுதான். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தனக்குத்தானே பேசுவார். அண்ணன் முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அதைக் கேட்பார், கேட்காமலும் இருப்பார். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அது மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்துபோன ஒன்று.

இந்த நிலையில்தான் குழு புது நாடகம் எடுத்தது. எழுதியவர் அச்சகம் வைத்திருப்பவர். குழுவில் அவருக்கு அச்சகத்தார் என்று பெயர். கதை இதுதான்: பெரிய அணை ஒன்று. விடாத மழை. மதகைத் திறந்தால் அணை தப்பும்; ஆனால் தாழ்வான கரையில் குடியிருக்கும் மதகுக்காரனின் சொந்தத் தம்பி வீடு போய்விடும். திறக்காவிட்டால் ஊரே போய்விடும். மதகுக்காரன் கையில் மதகுச் சாவியோடு, அதைத் திறக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்று தன்னோடு பேசுகிறான். அந்த ஐந்து நிமிஷப் பேச்சுதான் நாடகத்தின் உயிர். அதைப் பேச வேண்டியவர் பல் டாக்டர். எதிரே வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் பேசிப் பேசிப் பழகினவர் அவர். தனியாகப் பேசுவது அவருக்குக் கைவந்த கலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இரும்புக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஹாலில் ஒத்திகை நடந்தது. டாக்டர் அந்தப் பேச்சை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தார். அச்சகத்தார் தாடையைத் தடவினார்.

“நல்லாத்தானே சொன்னேன்?” என்றார் டாக்டர்.

“சுத்தமா சொன்னீங்க டாக்டர். பல்லு பிடுங்கின மாதிரி” என்றார் அச்சகத்தார். “ஆனா எனக்கு வலிக்கல.”

டாக்டருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இன்னொரு தரம் சொன்னார், குரலை உயர்த்தி. இன்னொரு தரம், குரலைத் தாழ்த்தி. கடைசியில் ஓரத்து முக்காலியிலிருந்து அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் ஒத்திகையில் எழுந்து நிற்பதே அபூர்வம்.

“ஒண்ணு சொல்லலாமா? குரல்ல இல்ல டாக்டர் விஷயம். இந்தப் பேச்சு மூணு துண்டா இருக்கு, பாருங்க.” பிரதியை விளக்குக்குக் கீழே பிடித்தார். “முதல் துண்டுல அவனே கேக்குறான், அவனே பதில் சொல்லிக்கிறான். ‘மழை நிக்குமா? நிக்காது. ஆள் அனுப்பிச் சொல்லலாமா? ஆள் இல்லை.’ இதுல அவனுக்கு ஒண்ணும் ஆகல. தெம்பா இருக்கான். யோசிக்கிறவன் இப்படித்தான் பேசுவான். ரெண்டாவது துண்டுல என்ன இருக்கு? வெறும் கேள்வி. ‘தம்பி பிள்ளைகள் எந்த அறையில் படுத்திருக்கும்? நான் அவனுக்கு யார்? எனக்கு எதற்கு இந்தச் சாவி?’ ஒண்ணுக்காவது பதில் சொல்றானா? சொல்லல. பயந்துட்டான். மூணாவது துண்டுல கேள்வியே கிடையாது. ‘ஆமாம். இல்லை, விளக்கு வேண்டாம். ஆமாம், இப்போதே.’ யாரு கேட்டா இவன? ஒருத்தரும் கேக்கல. கேள்வியெல்லாம் உள்ளேயே முடிஞ்சுபோச்சு, பதில் மட்டும் வெளிய வருது. பதில் மட்டும் வந்துட்டா ஆள் முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம். அதுக்கப்புறம் எவன் வந்து கையப் பிடிச்சாலும் நிக்க மாட்டான்.”

டாக்டர் பிரதியை வாங்கிப் பார்த்தார்.

“நீங்க முதல் வரியிலயே போய்ச் சக்கரத்தப் பிடிச்சுக்கிறீங்க. கை மூணாவது துண்டுலதான் போகணும். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒண்ணுமே பேசாம பத்து எண்ணுங்க. அந்தப் பத்துக்குள்ளதான் எல்லாமே நடக்குது. நான் எடுத்துக்குடுக்க மாட்டேன், பயப்படாதீங்க.”

டாக்டர் அப்படியே செய்து பார்த்தார். பத்து எண்ணும்போது கீழே இரும்புக் கடையில் யாரோ கம்பியை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு முடிந்ததும் அச்சகத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் இப்படியெல்லாம் நினைச்சு எழுதலய்யா. அதுபாட்டுக்கு வந்துது” என்றார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தார். சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்து படுத்துத் தூங்கிவிட்டிருந்தார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இவரும் படுத்துவிட்டார்.

காலையில் அவர் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே சிஸ்டரின் குரல் கேட்டது.

“சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு? சமைச்சுக்குவாரு, கை இருக்குல்ல. சாவி? கீழ்வீட்டுல ஒண்ணு குடுத்து வெக்கலாம். பிரஷர் மாத்திரை? தேதி போட்டு டப்பாவுல பிரிச்சு வெச்சிட்டா முடிஞ்சுது.”

அண்ணனின் கை நின்றுவிட்டது. தினமும் கேட்கிற குரல்தான். ஆனால் நேற்று சாயங்காலம் அத்தனை பேர் முன்னால் விரலை நீட்டிக் காட்டிய முதல் துண்டு, இப்போது அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து வருகிறது. கேள்வி, பதில். கேள்வி, பதில். இவள் எங்கேயோ போகிறாள். நான் இல்லாத ஒரு இடத்துக்குப் போகிறாள். பிரஷர் மாத்திரையைப் பிரித்து வைக்கிற அளவுக்கு நீண்ட நாளைக்குப் போகிறாள்.

சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? சமையலறைக்கு நாலு எட்டு நடந்து போய், ‘என்னம்மா, எங்க போறே?’ என்று கேட்டிருப்பான். அண்ணன் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் அடுத்த வரியைத் தெரிந்துவைத்திருந்தவர், தெரியாத வரி ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளக் கூசினார். நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து அவர் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். காலையில் ஒரே சட்டைக்கு மூன்று தரம் இஸ்திரி போட்டார், சமையலறைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சாக்கு வேண்டுமே. கடையில் இடது கண்ணாடியை வலதில் பொருத்தினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷச் சாயங்காலங்களை நினைத்துப் பார்த்தார். ஒத்திகை, ஒத்திகை, நாடகம், ஒத்திகை. மகளுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட இரண்டாம் அங்கத்துக்கு ஆள் இல்லை என்று ஓடியிருக்கிறார். சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் இவரே முடித்துவைத்திருப்பார். டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தார்.

ஒருநாள் அலமாரியின் மேலிருந்த பெட்டியைப் பார்த்தார். எப்போதும் தூசி படிந்து கிடக்கும். அன்று துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நேரே வெளியே போய் மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“எதப் பத்திப்பா?”

“பொதுவா.”

“பொதுவா நல்லா இருக்கேன்னு சொன்னாங்க. ஏன், சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல.”

“அப்ப அம்மாகிட்டயே கேளுங்களேன்ப்பா. பக்கத்துலதானே இருக்காங்க.”

எல்லோருக்கும் அது சுலபமாகத்தான் இருக்கிறது. நாலாவது வாரம் பேச்சு மாறியது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சிஸ்டர் சும்மா நின்று பேசுகிறார் என்று புரிந்தது.

“அம்பது வயசுல எனக்கு எதுக்கு இது? இவருகிட்ட எப்படிச் சொல்றது? இத்தன வருஷம் நான் என்னத்தப் பண்ணேன்?”

அவ்வளவுதான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்து நின்றார். எடுத்துக்கொடுக்க வேண்டும்போல வாய் துறுதுறுத்தது. ‘இத்தன வருஷம் என்னைக் காப்பாத்தினே, மகள வளத்தே, ஆயிரம் பேருக்கு ஊசி போட்டே’ என்று சொல்லியிருக்கலாம், நிஜமும் அதுதான். சொன்னால், ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். போய் ஷூவைத் துடைத்தார்.

ஆறாவது வாரம் புதன்கிழமை ஒத்திகையில் அவமானம் நடந்தது. சனிக்கிழமை நாடகம், விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் இரண்டாவது துண்டை முடித்தார். ‘எனக்கு எதற்கு இந்தச் சாவி?’ என்று கேட்டுவிட்டு நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணன் இருட்டில் முக்காலியில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டார். நாலு, ஐந்து. அது டாக்டரின் அமைதியாக அவருக்குப் படவில்லை. காலையில் குழாய்க்குப் பக்கத்தில் கேட்ட அமைதியாக இருந்தது. தாங்க முடியவில்லை.

“ஆமாம்” என்று எடுத்துக்கொடுத்துவிட்டார்.

டாக்டர் திரும்பினார். ஹாலில் இருந்த எல்லோரும் ஓரத்தைப் பார்த்தார்கள்.

“அண்ணே, நீங்கதானே பத்து எண்ணச் சொன்னீங்க. எனக்கு மறக்கலயே” என்றார் டாக்டர்.

“தெரியாம வந்துருச்சு.”

“சனிக்கிழமை இப்படி வந்தா என் மானம் போயிரும்.”

மன்னிப்புக் கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் நிறுத்தத்துக்கு நடுவே அவர் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை. அச்சகத்தார் பக்கத்தில் வந்து, “உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார். உடம்புக்கென்ன, கல்லுமாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சிஸ்டருக்கு ஏழரை பஸ். ஆறரைக்குச் சமையலறையில் குழாய் திறந்தது. அண்ணன் சட்டையை மேசையில் விரித்து இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

“இல்ல. முடியாது” என்றது சிஸ்டரின் குரல். கொஞ்சம் கழித்து, “ஆமா, சொல்லிடறேன்.” இன்னும் கொஞ்சம் கழித்து, “இன்னிக்கே.”

குழாய் நின்றது.

மூன்றாவது துண்டு. கேள்வி இல்லை, வெறும் பதில். முடிவு பண்ணியாயிற்று. இனி கையைப் பிடித்தாலும் நிற்க மாட்டாள். இதை டாக்டருக்கு எவ்வளவு அழகாக விளக்கினோம் என்று நினைத்ததும் அண்ணனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். வெள்ளை உடுப்புப் போட்டிருந்தார், தலை இன்னும் வாரவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். நின்றார்.

அண்ணன் பத்து எண்ணினார் என்று சொன்னால் பொய். எண்ணவெல்லாம் இல்லை.

“போறேன்னு சொல்லப்போறே. சரி, போ. நான் தடுக்கல.”

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சொன்னீங்க?”

“ஆறு வாரமா கேட்டுட்டுத்தான் இருக்கேன். எனக்குச் சாப்பாடு, கீழ்வீட்டுல சாவி, டப்பாவுல மாத்திரை, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டே. பெட்டியக்கூடத் துடைச்சு வெச்சுட்டே. என்னை விட்டுட்டுப் போகணும்னு தோணிருச்சு, போ. என் மேலதான் தப்பு. ஒரு நாளாவது சாயங்காலம் வீட்டுல இருந்திருக்கேனா?”

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் அவர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரிதான் இருந்தது. அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“பெட்டியில என் சர்டிபிகேட் இருந்துது. அத எடுத்தேன்” என்றார். “அந்த மலையடிவாரத்துல புதுசா ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்கள்ல, அங்க நர்ஸ் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறாங்க. பாடம் எடுக்க வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டு வருஷம். முதல்ல போகலாமான்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னு சொல்லிடறேன்னு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்.”

அண்ணனுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். எவ்வளவு பெரிய முட்டாள், பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி ஊருக்கு வகுப்பெடுத்துவிட்டு, சொந்த வீட்டில் கோட்டை விட்டோமே என்று இருந்தது.

“அட, இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். அப்ப முடியாதுன்னு சொல்லிடு. முடிஞ்சுது வேலை.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. கை துடைத்த துண்டை மடியில் வைத்து நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

“முடியாதுன்னு சொல்றதுக்கு இத்தன நாளா வார்த்தை தேடிட்டு இருந்தேங்க” என்றார். “ஒண்ணும் சரியா வரல. எப்படிச் சொன்னாலும் நடுவுல நின்னுபோச்சு. இன்னிக்குத்தான் பல்லக் கடிச்சுட்டு, சரி, சொல்லிடுவோம்னு வந்தேன். நீங்க போறேன்னு எடுத்துக்குடுத்தீங்க. மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். ‘போறேன்.’ வாயில நல்லா உக்காருது.”

அண்ணனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

“அது… நான் வேற நினைச்சு சொன்னது.”

“தெரியும்.”

“தப்பா எடுத்துக்குடுத்துட்டேன்மா.”

“இல்லீங்க. ஒரு தடவையாவது சரியா எடுத்துக்குடுத்தீங்க.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். கோபத்துக்கு என்ன வசனம் என்று அவருக்குத் தெரியும். சிஸ்டர் எழுந்து கண்ணாடி முன் போய்த் தலை வாரத் தொடங்கினார். அண்ணன் பின்னாலேயே போனார்.

“ரெண்டு வருஷம்னா சும்மாவா? காஸ் தீர்ந்தா யாரு பாக்குறது? தண்ணி மோட்டார் அடிக்கடி நிக்குது. கீழ்வீட்டம்மா உன்கிட்ட மட்டும்தான் பேசுவாங்க, என்னைப் பாத்தாலே கதவச் சாத்திக்குவாங்க. பொண்ணு திடீர்னு வந்து நின்னா? நாளைக்கு நாடகம் வேற. அந்த மலையில குளிரு, உனக்கு ஆகாது. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்த…”

“ஏங்க” என்றார் சிஸ்டர், கொண்டை ஊசியை வாயிலிருந்து எடுத்து. “காஸ், மோட்டார், கீழ்வீடு, பொண்ணு, குளிரு, வீட்டுக்காரர். எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க எங்க?”

அண்ணன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்.

“நீங்களும் நாளெல்லாம் நாடகப் பேச்சக் கேக்குறவரு. உங்க பேச்ச நீங்களே ஒரு தரம் கேட்டுப் பாருங்க. மத்தவங்க பேச்சுல இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பீங்க. சொல்ல வேண்டியத விட்டுட்டு அதச் சுத்தி வரீங்க.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ஆறு வாரமா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுருக்கீங்க. என்னம்மான்னு ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாம். நான் அப்பவே உங்க மடியில தலைய வெச்சு அழுதிருப்பேன், இந்தப் பேச்சும் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம், தெருக்கதவு. அண்ணன் அறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். மூக்கில் ஏதோ தீய்ந்த வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகில் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தார். வேறு சட்டை தேடுகிற நிதானம் ஏது? முதுகில் முக்கோணமாகக் கருகிய அதையே மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, படியில் இறங்கி ஓடினார்.

பஸ் நிறுத்தம் தெருக்கோடியில் இருந்தது. ஓடும்போது என்ன சொல்வது என்று யோசித்தார். எத்தனை நாடகம், எத்தனை புருஷன்மார்கள், எத்தனை பிரிவுக் காட்சிகள். எல்லார் வசனமும் மனப்பாடம். ஒன்றையாவது எடுக்கலாமா என்று பார்த்தார். ஒன்றும் இந்தத் தெருவில் எடுபடாது. மூச்சு இரைத்தது.

நிறுத்தத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரி ஆட்கள், சிஸ்டரைத் தெரிந்தவர்கள். சிஸ்டர் கம்பத்துக்குப் பக்கத்தில் பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அண்ணன் போய் எதிரே நின்றார்.

“எனக்கு நீ இல்லாம இருக்கத் தெரியாது” என்றார்.

சத்தமாகவே வந்துவிட்டது. ஆறு பேரும் திரும்பினார்கள். ஆஸ்பத்திரி ஆட்களில் ஒருத்தி அவர் முதுகைப் பார்த்துவிட்டு, அவசரமாக ரோட்டைப் பார்த்தாள்.

சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டி, மாறிப்போயிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார், மேலிருந்து கீழே, ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேருக்குச் செய்த பழக்கத்தில். தெருமுனையில் பஸ் திரும்பியது.

“எனக்கும் தெரியாதுங்க” என்றார். “ஆனா நான் போகணும்.”

பஸ் வந்து நின்றது. ஆறு பேரும் ஏறினார்கள், கடைசியாக சிஸ்டர் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் பையைத் திறந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை அண்ணன் பார்த்தார். பஸ் புறப்பட்டது. அண்ணன் அழுதார். ஐம்பத்து நாலு வயசு ஆள், கருகின சட்டையோடு, காலை ஏழரை மணி வெளிச்சத்தில், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதார்.